பதினான்காம் நம்பர் பெல்டன்

"காடி முன்னால குனிஞ்சான். கம்பியை ஓட்டையில விட்டு மூணு சுத்து சுத்தினான். காடி கெளம்பிருச்சு. ஏறி ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். தேவதாஸ்தான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

கார் திருட்டைப் பற்றிக் காவல்காரன் நல்லையா போலீசில் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் அது. வக்கீல் குமாஸ்தாவிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தார்கள். சிவகாமசுந்தரி அதை உரக்கப் படித்து முடித்ததும், எதிரே ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்த பொன்னம்மா வாயைத் திறந்தாள்.

"பொய் அக்கா. சுத்தப் பொய்."

மலாக்காவின் காஜா பெராங் சாலையில், ஒரு தையற்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் மாணிக்கவாசகத்தின் துப்பறியும் நிலையம். பதினெட்டு வருஷம் போலீசில் இருந்துவிட்டு வந்தவர் அவர். வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை இருக்கும். சிரிப்பு மட்டும் எப்போதாவதுதான். அதற்கும் சேர்த்துப் பேசுவதற்குத்தான் உதவியாளர் சிவகாமசுந்தரி இருந்தாள். தட்டெழுத்து வேலைக்கென்று வந்தவள். அப்பா லாரி மெக்கானிக். தான் பிறந்த பிறகு வீட்டில் தொட்டில் ஆடியதைவிட எஞ்சின் ஆடியதுதான் அதிகம் என்று அவளே சொல்லுவாள்.

"எப்படிப் பொய்?" என்றார் மாணிக்கவாசகம்.

"அந்தக் காடியைக் கம்பி விட்டுச் சுத்திக் கெளப்பவே முடியாது சார். முன்னால இருக்கிற ஓட்டை சும்மா அழகுக்கு வச்சது. விரலை விட்டா ஒரு கணுவுக்கு மேல போகாது."

"யாரு சொன்னது உனக்கு?"

பொன்னம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "அவருதான் சார். வீட்டுக்கு வந்தா அந்தக் காடியைத் தவிர வேற பேச்சே கெடையாது."

அவள் புருஷன் தேவதாஸ், துணி வியாபாரி காதர் மைதீனிடம் டிரைவர். புதன்கிழமை காலை முதலாளியின் ஷெட்டிலிருந்து கார் காணாமல் போனது. அன்று மத்தியானமே தேவதாஸ் லாக்கப்பில். திங்கட்கிழமை கோர்ட்டு. அதற்கடுத்த சனிக்கிழமை மலாயாவுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் மூங்கில் வளைவு கட்டி, வர்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தேவதாஸ் பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவன். குடியுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

"ஜெயில்ல போட்டுட்டா அந்தப் பேப்பர் கெடைக்காதாம் சார். வெளிய விட்டதும் நேரா கப்பல்ல ஏத்தி அனுப்பிருவாங்களாம்" என்றாள் பொன்னம்மா.

"அவன் என்ன சொல்றான்?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரு. போலீசுகிட்டயும் சொல்லல, வக்கீலுகிட்டயும் சொல்லல. நான் சோறு கொண்டுபோனா வாங்கித் திங்கிறாரு. அவ்வளவுதான்."

"வாயே தொறக்காத புருஷன். மலாக்காவுல பாதிப் பொம்பளைங்க கேட்டா பொறாமைப்படுவாங்க" என்றாள் சிவகாமி.

பொன்னம்மா நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. அந்தக் கண்கள் இரண்டு நாளாகத் தூங்காதவை. சொன்னதைத் திரும்ப விழுங்க முடியாமல் சிவகாமி காகிதங்களை அடுக்கினாள்.

மாணிக்கவாசகம் குடையை எடுத்துக்கொண்டார். "அந்த ஓட்டையை மொதல்ல பாத்துருவோம்."

"காடியே இல்லியே சார்."

"காடி இல்லாட்டி என்ன. வாங்கினவரு இருக்காரே."

*

காதர் மைதீன் காலியான ஷெட்டின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மையத்து வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போல. ஐம்பது வயது, வெள்ளைத் தொப்பி, சவரம் செய்யாத மூன்று நாள் முகம். ஷெட்டுக்குள் சிமெண்டுத் தரையில் நான்கு சக்கரம் நின்ற தடமும், ஒரு மூலையில் மடித்து வைத்த மஞ்சள் துடைதுணிகளும் இருந்தன.

"உலகத்துலயே முப்பது காடிதான் செஞ்சாங்க. எங்கிட்ட இருந்தது பதினாலாம் நம்பர்" என்றார் அவர். இருந்தது என்று சொன்னபோது குரல் கம்மியது. "பெல்டன் ஜூபிலி. இனிமே செய்ய மாட்டாங்க."

கம்பெனி அனுப்பிய புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பளபளக்கும் தாளில் அச்சடித்த கனத்த புத்தகம். சிவகாமி மடியில் வைத்துத் திறந்தாள். இரண்டு பக்கத்துக்கு நீண்டிருந்தது அந்தப் படம். பாசிப் பச்சை நிறம். நீளமான பானெட்டின் குறுக்கே, பழைய பந்தயக் கார்களைப் போல ஒரு தோல் வார். வெளியே துருத்திய இரண்டு வட்ட விளக்கு. கம்பிச் சக்கரங்கள். மேற்கூரை கிடையாது. எந்தக் கோட்டிலும் அவசரமே இல்லாமல், ஆனால் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதைப் போல இருந்தது. வந்த வேலையை அவள் ஒரு நிமிஷம் மறந்துதான் போனாள்.

"பாத்தீங்களா, ஒங்களுக்கே பேச்சு வரல" என்றார் காதர் மைதீன். "எனக்கு அப்ப இருவது வயசு. சைக்கிள்ல துணி மூட்டையைக் கட்டிக்கிட்டு ரப்பர்ப் பால் வெட்டுற கித்தாத் தோட்டம் தோட்டமா போவேன். ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் துவான் வச்சிருந்தான், இதே கம்பெனியோட அந்தக் காலத்துப் பந்தயக் காடி. பங்களா வாசல்ல நின்னுச்சு. ஆசை தாங்கல. பானெட்டைத் தொட்டேன். சூடா இருந்துச்சு தங்கச்சி, குதிரை ஒடம்பு மாதிரி. துவான் வந்தான். அடிக்கல, திட்டல. சட்டைப் பையிலேருந்து கைக்குட்டையை எடுத்து, நான் தொட்ட எடத்தைத் தொடைச்சான்."

காதர் மைதீன் காலியான ஷெட்டைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"கம்பெனி ஆரம்பிச்சு அம்பது வருசம் ஆச்சுன்னு, அதே பழைய உருவத்துல புதுக் காடி விடுறான்னு பேப்பர்ல பாத்தேன். ஒம்போது கடுதாசி போட்டேன் லண்டனுக்கு. குடுத்தான். அன்னைக்கி ராத்திரி எனக்குத் தூக்கம் வரல."

"நீங்களே ஓட்டுவீங்களா பாய்?" என்று கேட்டார் மாணிக்கவாசகம்.

"எனக்கு ஓட்டத் தெரியாது சார். தேவதாஸ் ஓட்டுவான், நான் பக்கத்துல ஒக்காந்திருப்பேன். கிளேபாங் வரைக்கும் போவோம், வருவோம். அவன் நல்ல பய. நான் அவன் பேரைச் சொல்லவே இல்ல. சிங்கப்பூர்லேருந்து வந்து பாத்தேன், காடி காணோம்னு புகார் குடுத்தேன். நல்லையா பாத்தேன்னு சத்தியம் பண்றான். நான் எதை நம்புறது?"

சிவகாமி புத்தகத்தைப் புரட்டினாள். தேடியது ஆறாம் பக்கத்தில் கிடைத்தது. "சார், இங்க இருக்கு. முன்னால இருக்கிற ஓட்டை பழைய காடியோட ஞாபகத்துக்காக வச்சதாம். உள்ள பித்தளை மூடி போட்டு அடைச்சிருக்காம். கைக்கம்பி வேலை செய்யாது. சாவியைத் திருப்பி, ஸ்டீரிங்குக்கு அடியில மறைவா ஒரு பட்டன் இருக்கு, அதை அழுத்தணும்." அடுத்த வரியைப் படித்ததும் அவள் புருவம் உயர்ந்தது. "ஐயையோ. பழைய பந்தயக் காடியில இருந்த மாதிரியே ஆக்சிலேட்டரை நடுவுல வச்சிருக்கான். பிரேக்கு வலது பக்கம். எங்கப்பா ஏறியிருந்தா ரெண்டாம் நிமிஷம் எறங்கி நடந்தே வந்திருப்பாரு."

காதர் மைதீன் முகத்தில் மூன்று நாளில் முதல் சிரிப்பு வந்தது. "தேவதாஸே மொத ரெண்டு நாள் தடுமாறினான். நம்ம லாரி ஓட்டுற ஆளு ஒருத்தன் ஷெட்டுக்குள்ள கொஞ்சம் நகத்தி வைக்கிறேன்னு ஏறினான். பிரேக்குன்னு நெனைச்சு நடுவுல மிதிச்சிட்டான். செவுரு பாருங்க."

பின்சுவரில் செங்கல் பெயர்ந்திருந்தது.

புத்தகத்தை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வாசல்படி இறங்கும்போது சிவகாமிக்குக் கால் தரையில் பாவவில்லை.

*

நல்லையா சாலை முக்குக் கோப்பிக் கடையில் இருந்தான். ஷெட்டுக்குக் காவல் இருக்கும் ஐம்பத்தெட்டு வயது ஜாகாக்காரன். பீங்கான் தட்டில் கோப்பியை ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தவன், மாணிக்கவாசகத்தின் குடையைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தான்.

"எத்தனை சுத்து சுத்தினான் அண்ணே?" என்று உட்காருவதற்கு முன்பே கேட்டாள் சிவகாமி.

"மூணு."

"கம்பி நல்லா உள்ள போச்சா?"

"போச்சே. முழங்கை நீளத்துக்குப் போச்சு."

"பேஷ். அப்ப அந்தக் கம்பி பித்தளையைத் தொளைச்சு, ரேடியேட்டரைத் தொளைச்சு, எஞ்சினைத் தொளைச்சு, டிரைவர் சீட்டு வரைக்கும் போயிருக்கணும். அதுல ஒக்காந்து ஓட்டினது தேவதாஸ் இல்ல அண்ணே, வேற ஏதோ தெய்வம்."

நல்லையாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. மாணிக்கவாசகம் புத்தகத்தை மேசைமேல் விரித்து, அந்த ஓட்டையின் படத்தில் விரலை வைத்தார். மிரட்டவில்லை. "இது அடைச்ச ஓட்டை நல்லையா. பொம்மை ஓட்டை. நீ பாத்தது என்ன, சொல்லு" என்றார்.

"நான் எதையும் பாக்கல சார்." நல்லையா துண்டால் முகத்தைத் துடைத்தான். "தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா ஷெட்டு தொறந்து கெடக்கு. தூங்கினேன்னு தெரிஞ்சா மொதலாளி வேலையைவிட்டு எடுத்துருவாரு. யாரையாச்சும் பாத்தேன்னு சொல்லணும்ல. அந்தக் காடியைத் தேவதாஸைத் தவிர வேற யாரு ஓட்டி நான் பாத்திருக்கேன்? அதான் அந்தப் பேரு வாயில வந்துருச்சு. இந்த வயசுல எனக்கு வேற யாரு சார் வேலை குடுப்பா?"

"திங்கக்கிழமை கோர்ட்டுல இதையே சொல்லுவியா?"

நல்லையா ஆறிய கோப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தலையாட்டினான்.

வெளியே வந்து மாணிக்கவாசகத்தின் மோரிஸ் மைனர் காரில் ஏறியதும் சிவகாமி கதவை அறைந்து சாத்தினாள். "முடிஞ்சுது சார். சாட்சியே இல்ல. மாஜிஸ்திரேட்டு மேசையில இந்தப் புத்தகத்தைத் தொறந்து வச்சா தேவதாஸு அப்பவே வீட்டுக்கு வந்துருவாரு. நீங்க சிரிக்கலாம். நான் வெளிய சொல்ல மாட்டேன்."

மாணிக்கவாசகம் சாவியைத் திருப்பவில்லை. "புத்தகத்தை வச்சா மாஜிஸ்திரேட்டு அடுத்து என்ன கேப்பாரு?"

"என்ன கேப்பாரு?"

"கம்பி விட்டுக் கெளம்பாதுன்னா பின்ன எப்படிக் கெளம்பும்? பட்டன். அது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நடுவுல ஆக்சிலேட்டரை வச்சு, செவுத்துல முட்டாம ரோட்டுக்குக் கொண்டுபோக யாரால முடியும்? லாரிக்காரனாலயே முடியல. ஊருல ரெண்டு பேருக்குத்தான் அந்தக் காடி தெரியும். ஒருத்தர் சிங்கப்பூர்ல இருந்தாரு. இன்னொருத்தன் லாக்கப்புல இருக்கான்."

சிவகாமி மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அட்டையில் அந்தப் பச்சைக் கார் அதே அழகோடு நின்றது. அதைக் காட்டினால் நல்லையாவின் பொய் உடையும், தேவதாஸும் மாட்டுவான். காட்டாவிட்டால் நல்லையா கோர்ட்டில் உண்மையைச் சொல்லுவான் என்பதற்கு அந்தக் கிழவனின் தலையாட்டலைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை.

"அப்ப அவன்தான் எடுத்தானா சார்?"

"தெரியல. வேற யாருக்காச்சும் ஓட்டக் கத்துக் குடுத்தானான்னு அவன் சம்சாரத்தைக் கேப்போம்."

*

சனிக்கிழமை காலை பொன்னம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். சந்துக்குள் பலகை வீடு. வாசலில் மல்லிச் செடி, கொடியில் தேவதாஸின் காக்கிச் சட்டை. மோரிஸ் சந்துக்குள் நுழையும்போதே இருமி, வாசலுக்கு வந்ததும் மூச்சு வாங்கியது.

"இதுக்கு ஆஸ்துமா வந்துருச்சு சார். இப்ப நிறுத்தினா மறுபடி எழும்பாது" என்றாள் சிவகாமி. எஞ்சினை அணைக்காமல் இறங்கி பானெட்டைத் தூக்கினாள். கார்புரேட்டரைத் திருகிச் சரிபார்க்க வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை அழுத்தித் தர வேண்டும். மாணிக்கவாசகம் காருக்குப் பின்னால் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தார். வாசலில் பொன்னம்மா வந்து நின்றாள்.

"பொன்னம்மா, கொஞ்சம் ஏறி ஒக்காந்து ஆக்சிலேட்டரை மிதியேன்" என்றாள் சிவகாமி. எது ஆக்சிலேட்டர் என்று அவள் கேட்பாள், காட்டலாம் என்று நினைத்திருந்தாள்.

பொன்னம்மா கேட்கவில்லை. கதவைத் திறந்து சட்டென்று ஏறி உட்கார்ந்தாள். புடவையை முழங்காலுக்குக் கீழே ஒதுக்கிக்கொண்டாள். இடது கை தானாகக் கியர் தண்டின்மேல் போய் நின்றது. மிதித்தாள்.

எஞ்சின் சத்தம் கூடவில்லை.

"மிதி."

"மிதிச்சுக்கிட்டுத்தான் அக்கா இருக்கேன்."

சிவகாமி பானெட்டின் ஓரமாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். பொன்னம்மாவின் வெறுங்கால் நடுவிலிருந்த மிதியை, தளராமல், பழகிய அழுத்தத்தில் தரைவரை அழுத்திக்கொண்டிருந்தது. காருக்குப் பின்னால் இருந்த பலகைச் சுவரில் பிரேக் விளக்கின் சிவப்பு விழுந்திருந்தது. மாணிக்கவாசகம் அந்தச் சிவப்பைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சிவகாமியைப் பார்த்தார்.

ஓட்டவே தெரியாதவள் எதை மிதிப்பது என்று கேட்டிருப்பாள். ஊரில் ஓடுகிற வேறு ஏதாவது காரை ஓட்டத் தெரிந்தவள் வலது பக்கம் மிதித்திருப்பாள். நடுவில் மிதிக்க ஒரே ஒரு காரில்தான் கற்றுக்கொண்டிருக்க முடியும்.

சிவகாமி பானெட்டை மெல்ல இறக்கினாள். கை நீட்டி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"எறங்கு பொன்னம்மா. உள்ள போவோம்."

பொன்னம்மா தன் காலைப் பார்த்தாள். அவர்கள் முகங்களைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

*

"சோறு கொண்டு போவேன்ல அக்கா, ஷெட்டுக்கு" என்று ஆரம்பித்தாள். தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "ஒருநாள் சும்மா ஒக்காந்து பாருன்னாரு. ஒக்காந்தேன். அந்தத் தோலு வாசனை, அந்தப் பெரிய ஸ்டீரிங்கு. அதுல ஒக்காந்தா வீட்டு வாடகை, அரிசி, பேப்பர் வருமா வராதா, ஒண்ணும் ஞாபகத்துக்கு வராது அக்கா. எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்கன்னு நான்தான் கேட்டேன். மொதலாளி வெளியூர் போற அன்னைக்கி, விடியக் கருக்கல்ல, சத்தம் கேக்காம சந்து முனை வரைக்கும் தள்ளிட்டுப் போயி அங்க ஸ்டாட் பண்ணுவோம். வெயில் ஏறுறதுக்குள்ள தொடைச்சுக் கொண்டாந்து வச்சிருவாரு. நாலு தடவை போனோம்."

"அஞ்சாவது தடவை?" என்றார் மாணிக்கவாசகம்.

"புக்கிட் ரம்பாய்க்கு உள்ள ஒரு பழைய செங்கல் சூளை இருக்கு சார். யாரும் வர மாட்டாங்க. மண்ணெடுத்த பள்ளம் கொளம் மாதிரி தண்ணி நெறஞ்சு கெடக்கும். அதைச் சுத்தி நல்ல பாதை. இன்னைக்கி நீ மட்டும் போ, நான் நின்னு பாக்குறேன்னு எறங்கிட்டாரு. மொத சுத்து போனேன். அவரு கையைத் தட்டிக்கிட்டு நின்னாரு. ரெண்டாவது சுத்துல கரை சரிஞ்சிருச்சு. முந்தின நாள் மழை பேஞ்சிருந்துச்சு. என்மேல தப்பா, மண்ணுமேல தப்பான்னு தெரியல. அவரு குதிச்சு என்னை இழுத்துப் போட்டாரு. காடியைப் பிடிக்க முடியல. வெளக்கு ரெண்டும் தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அணைஞ்சிருச்சு."

அடுத்த வீட்டு வானொலியில் யாரோ கொடியேற்றும் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மொதலாளி வந்ததும் சொல்லிருவோம்னுதான் இருந்தோம். அதுக்குள்ள போலீசு வந்துருச்சு, நல்லையா அண்ணே சத்தியம் பண்ணிட்டாரு. நீ வாயைத் தொறந்தா நான் நாண்டுக்கிட்டுச் சாவேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டுப் போனாரு. எங்க இருக்குன்னும் சொல்ல முடியாது. என் பையி சீட்டுக்கு அடியில இருக்கு. அதுக்குள்ள என் பேரு, படம் போட்ட ஐ.சி. அட்டை இருக்கு."

சிவகாமிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "அப்ப எதுக்கு எங்ககிட்ட வந்த? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு வந்த?"

"நீங்கல்லாம் பெரிய மூளைக்காரங்க அக்கா." பொன்னம்மா முகத்தைத் துடைக்காமலே சொன்னாள். "எப்படியாச்சும் வேற ஒரு திருடனைக் கண்டுபிடிச்சிருவீங்கன்னு நெனைச்சேன்."

மாணிக்கவாசகம் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். முதுகுதான் தெரிந்தது.

"நான் சொல்லிர்றேன் சார். நான் இங்கயே பொறந்தவ. என்னை எங்க அனுப்புவாங்க? ஜெயிலுல போட்டா இருந்துட்டு வர்றேன். அவரைத்தான் கப்பல்ல ஏத்திருவாங்க."

"நீ சொன்னா ஒன்னையும் சேத்து உள்ள போடுவாங்கம்மா" என்றார் அவர், திரும்பாமலே. "காடியை மொதலாளிக்குத் தெரியாம எடுத்துக் குடுத்தது அவன்தானே. ஒன் பேரு வந்தாலும் அவன் பேரு போகாது. நல்லையா வந்து பாக்கலன்னு சொல்லட்டும். புத்தகத்தைக் காட்ட வேண்டாம். தேவதாஸ் இப்ப இருக்கிற மாதிரியே வாயை மூடிக்கிட்டு நிக்கட்டும். வேற வழி எனக்குத் தெரியல. திங்கக்கிழமை நீ கோர்ட்டுப் பக்கம் வராத."

துப்பறிய வந்த மனிதர், கண்டுபிடித்ததை மறைக்க வழி சொல்லிக்கொண்டிருந்தார். அது அவருக்கும் தெரிந்திருந்தது. திரும்பிப் போகும்போது மோரிஸ் கிளம்ப மறுத்தது. இரண்டு பேரும் சாலை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள்.

*

திங்கட்கிழமை நல்லையா வந்திருந்தான். சலவைச் சட்டை போட்டு, சாட்சிகளின் பெஞ்சில் கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிவகாமிக்கு அவனைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. காதர் மைதீன் இரண்டாவது வரிசையில் இருந்தார்.

தேவதாஸைக் கூண்டில் ஏற்றினார்கள். இருபத்தெட்டு வயது இருக்கும். மெலிந்தவன். வலது முழங்கையில் கிழிந்து ஆறத் தொடங்கிய நீளக் காயம். மொழிபெயர்ப்பாளர் குற்றப்பத்திரிகையைத் தமிழில் படித்தார். காரின் பெயரைச் சொன்னபோது மட்டும் அவன் கண் இமைத்தது.

"குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா, மறுக்கிறாயா?"

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. சிவகாமி திரும்பினாள். பொன்னம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தலையில் முக்காடு, நெற்றியில் வியர்வை. வாய் திறந்துவிட்டது.

"ஒத்துக்கிறேன்" என்றான் தேவதாஸ்.

அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன்பே அவசரமாக இன்னொரு முறை சொன்னான். "நான்தான் எடுத்தேன். நான் மட்டும்தான்." அவன் பார்வை மாஜிஸ்திரேட்டின்மேல் இல்லை. பின்வரிசையில் இருந்தது. பொன்னம்மா உட்காரும்வரை அங்கிருந்து எடுக்கவில்லை.

மாணிக்கவாசகம் பாதி எழுந்திருந்தார். அவர்களுடைய வக்கீல் திரும்பி, என்ன செய்ய என்பதுபோல் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

கார் எங்கே என்று மாஜிஸ்திரேட் கேட்டார். வித்துவிட்டேன் என்றான். யாரிடம்? தெரியாது. எந்த ஊர்க்காரன்? தெரியாது. மறைக்கிறான் என்று எழுதிக்கொண்டு ஒரு வருஷம் கொடுத்தார். நல்லையாவைக் கூப்பிட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. நல்லையா வெகுநேரம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான், யாராவது வந்து தன் பெயரைச் சொல்வார்கள் என்பதைப் போல.

வெளியே வெயில். படிக்கட்டுக்குக் கீழே வேலையாட்கள் ஏணி வைத்து வளைவுக்கு விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பொன்னம்மாவின் தோளைப் பிடித்து சிவகாமி நிழலுக்குக் கொண்டுவந்தாள். மேல்முறையீடு என்று ஆரம்பித்து, ஒத்துக்கொண்டவனுக்கு ஏது மேல்முறையீடு என்று பாதியில் விட்டாள்.

காதர் மைதீன் அவர்களை நோக்கி வந்தார். கைத்தடி இல்லாமல் நடக்கிறவர்தான், அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, நீங்க அவன்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றார் சிவகாமியிடம். "யாருகிட்ட வித்தான்னு வேணாம். அது எங்க இருந்தாலும் சரி. ஒடைச்சுப் பிரிச்சுட்டாங்களா, இல்ல முழுசா இருக்கா, அது மட்டும் தெரிஞ்சா போதும்."

சிவகாமிக்கு விடை தெரியும். மாணிக்கவாசகம் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுசாத்தான் இருக்கும் மொதலாளி" என்றாள் பொன்னம்மா.

காதர் மைதீன் அவளைப் பார்த்தார். டிரைவரின் பெண்சாதி என்று இதுவரை பார்த்திருப்பாரே தவிர, அவள் முகத்தை அன்றுதான் பார்த்தார். அந்த முகத்தில் என்ன இருந்ததோ, அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. கோபம் வந்தது, தெரிந்தது. நரம்பு புடைத்தது. கோர்ட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அது சாத்தியிருந்தது.

"எனக்கு முன்னாலயே தெரிஞ்சிருந்தா" என்றார். முன்னாலே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது அவருக்கே தெரியாது போலிருந்தது.

பொன்னம்மா கைகூப்பப் போனாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். வெகுநேரம் கழித்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நல்லா ஓடுச்சா?" என்று கேட்டார்.

"ரெண்டு சுத்துதான் மொதலாளி." அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நல்லா ஓடுச்சு."

கட்டடத்தின் பின்பக்க கேட்டிலிருந்து சிறை வண்டி வெளியே வந்து, வளைவுக்கு அடியில் நின்ற ஏணியை நகர்த்தும்வரை காத்திருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஏணியை எடுத்தார்கள். வண்டி கிளம்பிச் சாலை திரும்பி மறைகிறவரை நான்கு பேரும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.